பத்தரை மணி போன் காலும் நாலரை மணி ஓட்டமும்

சென்னையில மாரத்தானுக்கு ட்ரெய்ன் பண்றதுல கஷ்டம் ஓடறது இல்லைங்க, தூங்கறதுதான். ரேஸ் ஜனவரில. அப்போ மைலேஜ் ஏத்த வேண்டிய மாசம் நவம்பரும் டிசம்பரும், கரெக்டா அப்பதான் வடகிழக்கு பருவமழை ஊத்தும், அது பத்தாதுன்னு நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காக்காரன் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பிடுவான், அதுவரைக்கும் ராத்திரி ஒம்பதரைக்கு இருந்த கிளையன்ட் போன் கால், ஐடில இருக்கிற நமக்கு பத்தரைக்கு போயிடும். எங்க அமெரிக்க கிளையன்ட் ரீடெய்ல் கம்பெனி வேற, நவம்பர் கடைசில வர்ற அவங்க தேங்க்ஸ்கிவிங் பண்டிகைல இருந்து நியூ இயர் வரைக்கும் ஃப்ரீஸ், யாரும் சாஃப்ட்வேர் கோட்ல கை வைக்கக்கூடாது, அதனால அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தள்ளி விட்ரணும்னு ஒரே அடிதடி.

பன்னெண்டு மணிக்கு படுத்துட்டு நாலு மணிக்கு எந்திரிக்கணும். ஏன் அவ்ளோ சீக்கிரம்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. இங்க ஏழு மணிக்கு மேல வெயில விட புழுக்கம்தான் ஆள கொல்லும், வேர்வை காஞ்சாதானே உடம்பு குளிரும், நம்ம ஊர் காத்துல சொட்டிட்டே இருக்குமே தவிர காயாது, ஹார்ட் ரேட் சும்மா ஏறிட்டே போகும். அதனால திருவான்மியூர்ல நாலரைக்கு ஸ்டார்ட், அடையார் பாலம், சாந்தோம், லைட் ஹவுஸ், அப்படியே மெரினா ஓரமா நேப்பியர் பாலம் வரைக்கும் போய் திரும்புனா இருபது கிலோமீட்டருக்கு கிட்ட வந்துடும்.

வில் பவர், டிசிப்ளின்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. என்னை எழுப்புனது கூட ஓடறதுக்கு சிக்னல்ல காத்துட்டு நிக்கிற பசங்கதான். "மச்சி எங்கடா இருக்க"ன்னு ஒரு மெசேஜ் வந்தா அதுக்கப்புறம் எப்படி திரும்பி படுக்கறது? எங்க கேங்ல ஒருத்தன் ஆடிட்டர் ஆபீஸ், செப்டம்பர் அக்டோபர்ல ஆளையே பாக்க முடியாது, டேக்ஸ் ஆடிட் முடிச்சுட்டு தொப்பையோட வருவான், அப்ப நாங்க அவன இழுத்தோம். நவம்பர்ல நான் செத்துட்டு இருந்தப்போ அவன் என்னை இழுத்தான். எல்லாரும் ஒரே வேலையில இருந்திருந்தா எல்லாரும் ஒரே மாசத்துல படுத்திருப்போம்.

ஆபீஸ்ல மாரத்தான்னா ரொம்ப மரியாதை. டவுன் ஹால்னு மொத்த ஆபீஸும் கூடுற மீட்டிங்ல பேர் சொல்லி கை தட்டுவாங்க. ஆனா ஃப்ரீஸ் முடிஞ்ச உடனே வர்ற ரிலீஸ், அதாவது புது கோட லைவ்ல ஏத்தற வேலை, கரெக்டா ரேஸ் ஞாயித்துக்கிழமை, மேனேஜர் ரொம்ப அன்பா, "ஓடிட்டு வந்து ஜாயின் பண்ணிக்கலாமே, காலைலயே முடிஞ்சுடுமில்ல"ங்கறார். 42.195 கிலோமீட்டர் சார், டீ குடிச்சுட்டு வர்ற தூரமா அது? முப்பது தாண்டுனா உடம்புல சேத்து வச்ச கிளைகோஜன், அதான் ஓடறதுக்கான சர்க்கரை ஸ்டாக், காலியாகும், கால் இருக்கும், ஆனா சொன்னா கேக்காது. முப்பத்தி மூணாவது கிலோமீட்டர்ல எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஆடிட்டர் பக்கத்துல ஓடிட்டே ஜிஎஸ்டி பத்தி புலம்பிட்டு வந்தான், அந்த எரிச்சல்லயே மிச்சத்த முடிச்சேன்.

ரிலீஸ கொல்கத்தாக்கார கொலீக் ஒருத்தங்க பாத்துக்கிட்டாங்க. பதிலுக்கு பொங்கல் ஆன்-கால் எனக்கு, ஏதாவது பிரச்சனைன்னா நான்தான் பாக்கணும். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு லாப்டாப்போட உக்காந்திருந்தேன், அம்மா கரும்ப நறுக்கி தட்டுல வச்சுட்டு, "ஓடறதுக்கு லீவு போடுவ, பொங்கலுக்கு வேலை பாப்ப, நல்லா இருக்குடா உன் கணக்கு"ன்னாங்க.