முழமும் சென்டிமீட்டரும்

கம்பத்தில் விடிகாலை ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் நான். காய் எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. எங்கள் தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. தீட்டு நாட்களில் இரண்டு நாப்கின் சேர்த்து வைத்து, கறுப்புச் சேலை கட்டிப் போவேன். 43 வயதில் நாலு நாள் போக்கு பத்து நாளானது. கட்டி கட்டியாகப் போனது. "நிக்கிற வயசுல அப்படித்தான்" என்றார் மதினி. நானும் நம்பினேன்.

ஒருநாள் பாதி ஏற்றத்தில் மயங்கி உட்கார்ந்ததும், மலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். "கர்ப்பாசயத்தில் முழ உண்டு" என்றார் மலையாள டாக்டர். என் காதில் முழம் என்று விழ, வயிற்றில் ஒரு முழ நீளமா என்று பதறிவிட்டேன். நர்ஸ் சிரித்தாள். "முழன்னா கட்டி, சேச்சி." ஸ்கேனில் இரண்டு கட்டிகள், 6 செ.மீ. ஒன்று, 2 செ.மீ. ஒன்று. ஹீமோகுளோபின் வெறும் 6.8, அதாவது ரத்தம் ரொம்பக் குறைவு.

ஊரில் பார்த்த தனியார் டாக்டர் அந்த 6 செ.மீ. கட்டியை மட்டும் பார்த்தார். "பிள்ளை பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." வீட்டிலும் சரி என்றார்கள். நான் தயங்கியது தைரியத்தால் அல்ல, ஒன்றரை மாதச் சம்பளம் போகுமே என்றுதான்.

கானாவிலக்கில் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா படம் வரைந்தே காட்டினார். பெரிய கட்டி வெளிச்சுவரில் இருக்கிறது, அதனால் போக்கு அதிகமாகாது. சின்னது கர்ப்பப்பைக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது, ரத்தம் அதனால்தான். இந்தக் கட்டி புற்றுநோயாவது மிக அரிது, மாதவிடாய் நின்றால் பெரும்பாலும் சுருங்கும் என்றார்.

ஆனால் முதலில் ரத்தம் ஏற வேண்டும். இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள், அப்புறம் மாத்திரை. மாத்திரையோடு டீ கூடாதாம். மலைக்குளிரில் அதுதான் பெரிய தண்டனை. மலம் கறுப்பாகப் போனதும் பயந்தேன், மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும், அதைக் குறைக்க டிரானெக்ஸாமிக் மாத்திரை. காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்று கேட்டுவிட்டே எழுதினார்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகவே கேமரா விட்டு அந்தச் சின்னதை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் வீடு. சதைப் பரிசோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஐந்து நாளில் நின்றுவிடுகிறது. பெரியதை வருடம் ஒருமுறை ஸ்கேனில் பார்த்துக்கொள்கிறேன். மதினிக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. "பெருசை விட்டுட்டுச் சின்னதையா எடுத்தாக?"