யூனிட் டெஸ்டுக்குள் ப்ராப்பர்டி டெஸ்ட்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3, 2025

எங்கள் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் பைத்தானின் யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் லைப்ரரி மேல் கட்டியது. அதில் ப்ராப்பர்டி டெஸ்ட், அதாவது ராண்டம் உள்ளீடுகளில் ஒரு பொது விதியைச் சோதிக்கும் டெஸ்ட், சேர்க்கும் வேலையை இன்று தொடங்கினேன். பைத்தானில் இதற்கென்றே ஹைபாதசிஸ் இருக்கிறதே என்று டீமில் கேட்டார்கள். அருமையான லைப்ரரிதான், ஆனால் எங்கள் நெட்வொர்க்குக்குள் வெளி பேக்கேஜ் எதுவும் வர முடியாது. வேண்டியதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

யோசனை பழையது. கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெல் என்ற ப்ரோக்ராமிங் மொழிக்காக எழுதிய குவிக்செக் லைப்ரரி பற்றிய கட்டுரை 2000-இல் வந்தது. இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரும் என்று எழுதாமல், எந்த எண்ணுக்கும் பொருந்த வேண்டிய விதியை எழுதுகிறோம். எண்களை மெஷினே உருவாக்கிக்கொள்ளும். குவிக்செக் வழக்கமாக 100 முறை ஓட்டும். எங்களுக்கும் அதுவே போதும்.

மார்ச் 5

செட்அப் தகராறு. செட்அப் என்பது டெஸ்டுக்கு முன் எல்லாவற்றையும் தயார்செய்யும் கோட், டியர்டவுன் என்பது பின்னால் சுத்தம்செய்யும் கோட். யூனிட்டெஸ்ட் ஒரு டெஸ்ட் மெத்தடுக்கு ஒரு முறைதான் செட்அப்பைக் கூப்பிடும். ஒரே மெத்தடுக்குள் பல உள்ளீடுகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் சப்டெஸ்ட் போட்டாலும் அப்படித்தான். 100 உள்ளீடுகளும் ஒரே டேபிளில் எழுதினால், முந்தைய உள்ளீடு விட்டுப்போன குப்பையில் அடுத்தது தடுக்கி விழும். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் செட்அப், டியர்டவுன் இரண்டையும் ஓட்டுவது என்று முடிவு. நேரம் கூடும், கூடட்டும்.

மார்ச் 10

சுருக்குவதுதான் இந்த வேலையின் உயிர். டெஸ்ட் தோற்றது, காரணம் 7391846 என்று சொன்னால் யாருக்குப் பயன்? தோற்கவைக்கும் மிகச் சிறிய எண்ணைக் காட்ட வேண்டும்.

கிடைத்த மதிப்பையே நேராகச் சிறிதாக்கிப் பார்ப்பது ஒரு வழி. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. இரட்டைப்படை எண் மட்டும் தரும் ஜெனரேட்டர் (உள்ளீடுகளை உருவாக்கும் பகுதி) 10 கொடுத்தால், சுருக்கும் பகுதிக்கு அந்த நிபந்தனை தெரியாது. 9-ஐ முயன்று, அது தோற்றதும் ஏதோ கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடும். இன்னொரு வழி ஹைபாதசிஸ் போவது: மதிப்பைத் தொடாமல், அதை உருவாக்கிய ராண்டம் தேர்வுகளைப் பதிவுசெய்து, அவற்றைச் சிறிதாக்கி ஜெனரேட்டரை மறுபடி ஓட்டுவது. 5-ஐ இரட்டித்து 10 வந்தது என்றால், அந்த 5 நாலாகும், விடை 8 ஆகும். நிபந்தனை உடையவே உடையாது. இந்த வழியில்தான் போகிறோம்.

மார்ச் 12

முதல் வேட்டை, லட்சக் கமா போடும் ஃபங்ஷனில். கடைசி மூன்று எழுத்தைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரிக்கும் பழைய கோட். ஏற்கெனவே இருந்த டெஸ்டுகள் -5, -2500, -150000. மூன்றும் பாஸ்.

முதலில் எழுதிய விதி: கமா போட்டதைத் திரும்பப் படித்தால் அதே எண் வர வேண்டும். 100-க்கு 100 பாஸ். அப்புறம் இன்னொன்று எழுதினேன்: மைனஸ் எண்ணுக்கு வரும் விடை, அதன் பிளஸ் எண்ணின் விடைக்கு முன்னால் ஒரு கோடு சேர்த்ததாக இருக்க வேண்டும். உடனே தோற்றது. சுருக்கியதும் திரையில் வந்தது 100. -100 கொடுத்தால் விடை "-,100".

மைனஸ் குறியையும் ஒரு இலக்கமாக எண்ணியிருக்கிறது அந்த கோட். 3, 5, 7 என்று ஒற்றைப்படை இலக்கங்கள் வந்தால் குறி தனியாக நின்றுவிடும். பழைய டெஸ்டில் ஒன்று மூன்றெழுத்துக்குள் அடங்கியது, மற்ற இரண்டும் இரட்டைப்படை இலக்கம். முதல் விதியில் ஏன் சிக்கவில்லை? திரும்பப் படிக்கும் ஃபங்ஷன் எல்லாக் கமாவையும் தூக்கி எறிந்துவிடுகிறது, தப்பான கமாவையும் சேர்த்து. இப்படிப் போய் வரும் விதி ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்று டீமுக்கு எழுதிவிட்டேன்.

மார்ச் 14

தோற்றால் சீட் எண்ணும் (அதே ராண்டம் எண்களை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்) சுருக்கிய மதிப்பும் பிழைச் செய்தியிலேயே வரும். -100-ஐச் சாதாரண யூனிட் டெஸ்டாகவும் சேர்த்தாயிற்று. பாக்கி ஒரு விவாதம்: ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவுசெய்யும் ஒவ்வொரு கோட் மாற்றத்துக்கும்) சீட் மாற வேண்டுமா? மாறக் கூடாது என்பது என் கட்சி. தன் கோடுக்குச் சம்பந்தமில்லாத சிவப்பை, அதாவது தோற்ற டெஸ்டைப், பார்த்துப் பார்த்து மனிதர்கள் டெஸ்டையே அலட்சியம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கமிட்டுக்கு நிலையான சீட், இரவு ஓட்டத்துக்குப் புதிய சீட். திங்கள்கிழமை பேசி முடிக்க வேண்டும்.