பேராதனையிலிருந்து வந்த செய்தி

பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படிக்கும் அக்காவின் மகள், புவிச்சரிதவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கத் தெரிவாகியிருப்பதாகக் கடந்த வாரம் தொலைபேசியில் அறிவித்தாள். வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "நீ படித்ததும் அதுதானே?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

அதுவன்று. நான் கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் கற்றது புவியியல். உயர்தர வகுப்பில் இடவிளக்கப்படத்தின் சமவுயரக்கோடுகளோடு தொடங்கிய அப்பாடம், ஒரு நிலத்தில் எவர் வாழ்கிறார், ஏன் அங்கே வாழ்கிறார் என்ற கேள்விகளுக்கு என்னை இட்டுச்சென்றது. தமிழகத்தார் நிலவியல் என்றும் நாம் புவிச்சரிதவியல் என்றும் சொல்லும் துறையோ, அந்நிலத்தின் அடியிலுள்ள பாறை எப்போது, எவ்வாறு உருவானது என்று ஆராய்கிறது. பேராதனையில் ஒன்று கலைப்பீடத்திலும் மற்றையது விஞ்ஞான பீடத்திலும் இருப்பதால், ஒரே வளாகத்தில் படித்தும் இரு துறையினரும் சந்திக்காமலேயே பட்டம் பெற்றுவிட முடிகிறது. இது என் நெடுநாள் மனக்குறை.

கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்றறிஞராகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் லண்டனில் புவிச்சரிதவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர். கனிமம் தேடி ஊரூராகச் சென்ற அந்த ஆண்டுகளில்தான் கண்டிப் பக்கத்துக் கைவினைஞரின் தொழிலையும் அது நலிந்துவருவதையும் நேரில் கண்டார். அக்காவின் மகளுக்கு நான் முதலில் சொன்னது இவரைப் பற்றித்தான்.

இத்துறைகள் இணைய வேண்டுமென்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மண்சரிவு. கொழும்பின் பழைய மதில்களில் தெரியும் செந்நிறக் கபொக் கல், வெப்பமும் மழையும் பழம்பாறையை நீண்டகாலம் உக்கச் செய்ததால் உண்டானது. நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தின் அடியில் இருப்பது மிகப்பழைய உருமாறிய பாறையே. மலைநாட்டின் செங்குத்தான சாய்வுகளிலும் அப்பாறை உக்குகிறது. அதன்மேல், உச்சியிலிருந்து இறங்கிக் குவிந்த மண்ணும் கல்லும் தளர்வாகக் கிடக்கின்றன. தொடர்மழையின்போது உட்புகும் நீரின் அழுத்தம் மண்துணிக்கைகளின் இடைவெளிகளில் ஏற ஏற, அவற்றைப் பிடித்துவைத்திருந்த உராய்வு குறைந்து, ஒரு கட்டத்தில் சாய்வே பெயர்ந்துவிடுகிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் மலைநாட்டின் கொஸ்லந்தை மீரியபெத்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகள் மண்சரிவில் மக்களோடு புதையுண்டன. அது ஆபத்தான இடமென்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாறையை அறிந்தவர்களின் கணிப்புத் தவறவில்லை. தலைமுறைகளாகத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு பேர்ச் காணிகூட இல்லாத தொழிலாளர், அங்கிருந்து புறப்பட்டு எங்கே போவது, மறுநாள் கொழுந்து பறிக்க எங்கிருந்து வருவது என்பதற்குத்தான் எவரிடமும் பதில் இருக்கவில்லை. அது பாறையின் கேள்வியன்று. நான் படித்த பாடத்தின் கேள்வி. அந்தச் செய்தியைப் பார்த்த நாளை என்னால் இன்றும் அமைதியாக நினைக்க முடியவில்லை.

ஆகவே அவள் சொன்ன இரண்டாவது செய்தியே எனக்குப் பெரிதாகப்பட்டது. கலைப்பீடத்தில் புவியியல் படிக்கும் இரு தோழியரோடு சேர்ந்து, தோட்டப்புற மக்களுக்காக மண்சரிவு எச்சரிக்கை பற்றி ஒரு பக்கத் தமிழ்த் தாளொன்றை ஆயத்தப்படுத்துகிறாளாம். மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகளின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், உடனே வெளியேற வேண்டும்.

அவளுடைய விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பவை. "சித்தி, கொலூவியம் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். கலைச்சொல் வேண்டாம், மேலிருந்து சரிந்து குவிந்த மண்ணும் கல்லும் என்றே எழுது என்றேன். நேற்றிரவு முதல் வரைவு வந்துசேர்ந்தது. எண்களுக்கு முன்னால், நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு போத்தலை முற்றத்தில் வைத்து, அடிமட்டத்தால் மழையை அளப்பது எவ்வாறு என்பதைப் படத்தோடு சேர்க்குமாறு குறித்து அனுப்பியிருக்கிறேன்.