செல்ஃபிக்குப் பின்னால்

"நிலவுக்குப் போக எதுக்குங்க இவ்வளவு காசு?" என்று கேட்டுக்கொண்டே செல்ஃபி எடுக்க போனைத் தூக்கினார் நண்பர்.

அந்தக் கேமராவுக்குள் விரல் நகத்தளவில், ஒளியைப் படமாக்கும் ஒரு சென்சார். 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசமும் குழுவினரும் உருவாக்கிய 'சிமாஸ்' என்ற வகை சென்சாரின் வாரிசு அது. விண்கலத்துக்குச் சின்னதாக, மின்சாரம் அதிகம் குடிக்காத கேமரா வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கவலை. செல்ஃபி யார் கணக்கிலும் இல்லை!

1966-ல் அமெரிக்க மத்திய அரசு செலவில் 4 சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை சதவீதம்கூட இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்கு காட்ட வேண்டிய முதலாளி இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கெல்லாம் காசு போடுவாரா? பாவம், அவரால் முடியாது. அரசுதான் போட வேண்டும், இன்னும் தாராளமாக.

சரி, எல்லா ஆராய்ச்சியும் கேமராவாகிவிடாது. பலது வீணாகவும் போகும். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.