மாடுகள் மேய்ந்தது

நேற்று ராத்திரி ஏழாம் வகுப்பு கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். தலைப்பு 'எங்கள் ஊர்'. 32 நோட்டில் முக்கால்வாசியில் 'மாடுகள் மேய்ந்தது', 'பறவைகள் பறந்தது', 'பேருந்துகள் நின்றது'. 'மேய்ந்தன', 'பறந்தன' என்று சிவப்புப் பேனாவால் எழுதியெழுதி, பத்தாவது நோட்டுக்கு மேல் வெறும் கோடு மட்டும் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஒரு பிள்ளைகூட 'மாணவர்கள் வந்தான்' என்று எழுதவில்லை. உயர்திணையில் பன்மை சரியாக விழுகிறது, அஃறிணையில் மட்டும் வழுக்குகிறது. ஏன் என்று யோசித்தால் காரணம் நம் வாயிலேயே இருக்கிறது. 'பசங்க வந்தாங்க' என்று பேசுகிறோம், அது 'வந்தார்கள்' ஆவது சுலபம். ஆனால் 'மாடெல்லாம் மேயுது' என்றுதானே சொல்கிறோம்? வீட்டில் யார் 'மேய்கின்றன' என்கிறார்கள்? பேச்சில் அஃறிணைக்கு ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே வினைமுற்றுதான். பிள்ளைகள் இலக்கணம் தெரியாமல் எழுதவில்லை, பேச்சின் இலக்கணத்தை அப்படியே நோட்டில் இறக்கிவைத்திருக்கிறார்கள்.

இது புரிய எனக்கே சில வருஷம் ஆனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றுக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்யவைத்தேன். கடகடவென்று ஒப்பித்தார்கள். விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல், ஒரே வாக்கியம். ஆடு குட்டி போட்டதால் லீவு எடுத்த பையனும் காய்ச்சல் என்றுதான் எழுதினான், அவனுக்கு அந்த வாக்கியம்தான் தெரியும்.

இப்போது கலைச்சொல்லைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் மூன்று துண்டு அட்டை: 'நாய்', 'பூனை', 'கடித்தது'. மூன்று பேர் கையில் கொடுத்து முன்னால் நிறுத்துவேன். "யாரு யாரைக் கடிச்சது?" நாய்தான் என்று ஒரு கூட்டம் கத்தும். இடம் மாற்றி நிற்கவைத்தால் கத்தல் குழப்பமாகிவிடும். அப்புறம் 'ஐ' என்று ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, அதைப் பூனை பக்கத்தில் ஒட்டச் சொல்வேன். பூனையை. இனி எப்படி மாற்றி நின்றாலும் கடிபட்டது பூனைதான்: 'நாய் பூனையைக் கடித்தது', 'பூனையை நாய் கடித்தது'. ஒரே எழுத்து, வாக்கியத்தையே கட்டிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிமிஷத்தில் 'இதுதான் இரண்டாம் வேற்றுமை உருபு' என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

போன வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி. "டீச்சர், 'இது என் வீடு'ன்னு எழுதினா அதுல வினை எங்க இருக்கு?" நல்ல கேள்வி. வினையே இல்லை, 'வீடு' என்ற பெயரே பயனிலையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறது, பெயர்ப் பயனிலை. 'வந்தான்' என்றால் நேர்மாறு, எழுவாயைச் சொல்லவே வேண்டாம், ஆண், ஒருவன் என்பதை அந்த 'ஆன்' விகுதியே சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்ற பெயரை அந்தப் பையன் இனி மறக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

ஒற்றுப்பிழைக்கு மட்டும் ஏழாம் வகுப்பில் நான் மதிப்பெண் குறைப்பதில்லை, சக ஆசிரியர்களுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கையில் இருக்கிற வேல் என்று ஒருநாள் சிரிக்கவைத்தால் போதும், விதிகள் பிறகு வரட்டும். எழுதவே பயப்படுகிற பிள்ளையிடம் க், ச், த், ப் கணக்குக் கேட்டு என்ன பயன்?

சரி, மாடுகளுக்கு வருகிறேன். இன்று பலகையில் நடுக்கோடு போட்டு ஒரு பக்கம் 'பேசுறது', மறுபக்கம் 'எழுதுறது' என்று பிரித்தேன். பேச்சுப் பக்கத்தை அவர்களே நிரப்பினார்கள், சத்தம் பக்கத்து வகுப்பு வரை போனது. எழுத்துப் பக்கத்தில் 'மேய்கின்றன', 'பறக்கின்றன' எல்லாம் மெதுவாக வந்தன. முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் கொண்டுவந்து காட்டினாள்: 'எங்கள் ஊரில் இரண்டு டீக்கடைகள் உள்ளன. இரண்டும் என் மாமாவுடையது.'

'மாமாவுடையவை' என்று வர வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள்.

"மாமா ஒருத்தர்தானே டீச்சர்?"