அமிதாயுஸ் சிலை: அடித்தகடு மூடும் முன் பார்க்க வேண்டியவை

நீண்ட ஆயுள் வேண்டி வீட்டு மாடத்தில் வைக்க, பௌத்தத்தில் நீண்ட ஆயுளின் புத்தரான அமிதாயுஸின் சிலை வாங்குகிறவர்கள் முதலில் மடியைப் பாருங்கள். தியான முத்திரையில் சேர்ந்த கைகளின் மேல் அமுதக் கலசம் இருக்க வேண்டும். பிட்சைப் பாத்திரமும் அணிகலன் இல்லாத துறவிக் கோலமும் இருந்தால் அது அதே புத்தரின் இன்னொரு வடிவமான அமிதாபர். விற்பவர்களே இதில் குழம்புவதுண்டு. பெற்றோருக்காக இந்தச் சிலையைச் செய்விப்பது பழைய வழக்கம். சீனப் பேரரசர் சியான்லாங் தன் தாயின் 80-ஆவது பிறந்தநாளை ஒட்டிச் செய்வித்தவற்றில் பல 1770-ஆம் ஆண்டுப் பொறிப்போடு இன்றும் இருக்கின்றன.

கைவேலைக்குப் பேர்போன இடம் நேபாளத்தின் பாட்டன் நகரம். அங்குள்ள நேவார் கலைஞர்கள் தேன்மெழுகில் பிசின் கலந்து உருவம் செய்து, அதன்மேல் களிமண்ணும் சாணமும் உமியும் கலந்த பூச்சை அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். பிறகு சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, செம்பை உருக்கி ஊற்றுகிறார்கள். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் ஆவி உலோகத்துக்குள் சிக்கி ஊசித்துளைகள் விழும். அச்சு ஆறியிருந்தால் விரல் நுனிக்கும் கலசத்தின் மேலுள்ள தளிருக்கும் செம்பு போய்ச் சேருமுன் உறைந்துவிடும். விரல்கள் மொண்ணையாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

பொன்பூச்சில் இரண்டு வகை. பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சூடாக்குவது பழைய முறை. பாதரசம் ஆவியாகிப் பொன் செம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நஞ்சு, வேலை செய்பவரின் உடலைக் கெடுக்கும். மின்முலாம் விலை குறைவு, ஆனால் பூச்சு மெல்லியது, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சிலை பெரும்பாலும் உள்ளே வெறுமையாகவே கைக்கு வரும். மாடத்துக்கு அதை நிறைத்தாக வேண்டும், இதில் அவசரம் கூடாது. நடுவில் தேவதாரு இனத்து மரத்திலோ சந்தனத்திலோ செய்த உயிர்த்தண்டு நிற்கும். மரம் வளர்ந்தபோது வேர்ப்பக்கம் இருந்த முனைதான் கீழே வர வேண்டும். சுற்றிலும் மந்திரச் சுருள்கள். குங்குமப்பூ நீர் தடவிக் காயவைத்த தாளை இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். எழுத்து தலைகீழாகிவிடக் கூடாது. மிச்ச இடத்தை நறுமணப் பொடியால் நிரப்புங்கள். காதோரம் வைத்து ஆட்டினால் சத்தமே வரக் கூடாது. அதன் பிறகுதான் இரு வஜ்ராயுதங்கள் குறுக்காகப் பொறித்த செப்புத் தகட்டை அடியில் வைத்து விளிம்பைத் தட்டி மூடுவார்கள். லாமா பிரதிஷ்டை செய்த சிலையைத் திறப்பதில்லை, ஆகவே உட்புறத்து ஓட்டை உடைசல்களை மூடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முகத்தைத் தொடாதீர்கள். அங்கே இருப்பது பொன்தூளைப் பசையில் குழைத்துத் தீட்டிய பூச்சு; ஈரத்துணி ஒருமுறை பட்டாலே கரைந்து வரும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டினால் போதும். விளக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள், புகைக்கரி முதலில் படிவது மோவாயின் அடியில்தான்.