படுக்கச் சொன்னால் படுக்கும் கன்ட்ரோலர்: வயர்லெஸ் தேர்வும் ஒரு துண்டு கேப்டான் டேப்பும்

கான்ட்ரா என்ற பழைய சுடும் ஆட்டத்தின் முதல் கட்டத்தில், படுத்துக்கொண்டு சுட வேண்டிய இடங்களில் என் ஆள் இப்போது ஒழுங்காகப் படுக்கிறான். இதையெல்லாம் சாதனை என்று எழுதுவதா என்று மற்றவர்கள் சிரிக்கலாம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி, வயர்லெஸ் கன்ட்ரோலரைக் கையில் பிடித்து எட்டு பிட் ஆட்டங்களை ஆடிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். கீழ்நோக்கி அழுத்தும்போது கட்டைவிரல் இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்தாலும், படுத்திருந்தவன் எழுந்து, துப்பாக்கியைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, எதிரே வரும் குண்டைத் தானே போய் வாங்கிக்கொள்வான். இரு திசைகளும் சேர்ந்த சாய்வுத் திசையை, அதாவது கேட்காத டயகனலைப் பதிவுசெய்யும் இந்த நோய்தான், என் பார்வையில், ரெட்ரோ ஆட்டங்களுக்குக் கன்ட்ரோலர் வாங்குபவர் முதலில் சோதிக்க வேண்டியது. பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், அதிர்வு உண்டா, விளக்கு எரியுமா என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

டி-பேட் எனும் குறுக்கு வடிவத் திசைப் பட்டனை நின்டெண்டோவின் குன்பே யோக்கோய் 1982-இல் வெளிவந்த டான்கி காங் கேம் அண்ட் வாட்ச் கருவிக்காக வடிவமைத்தார். நான்கு திசைகளும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. அதன் நடுவில், அடிப்பக்கத்தில் ஒரு தாங்குமுனை. அந்த முனையின் மேல் துண்டு முழுவதும் சாய்ந்தாடுகிறது. ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் எழும் என்பதால் இடமும் வலமும் ஒன்றாகப் பதிவாக வழியில்லை. ஆனால் பக்கத்துத் திசை எவ்வளவு சாய்வில் தொட வேண்டும் என்பதை அந்த முனையின் உயரமும், அடியிலுள்ள ரப்பர் சவ்வான மெம்பிரேனின் கடினமும், சர்க்யூட் பலகையிலுள்ள தொடுபரப்பின் அகலமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மூன்றில் ஒன்று சற்றுப் பிசகினாலும் கான்ட்ராவில் உயிர் போகும்.

தேர்வில் டூயல்ஷாக் 4-ஐ முதலில் கையிலெடுத்தேன். ராஸ்பெரி பையை இயக்கும் லினக்ஸின் உட்கருவான கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது. ஷேர் பட்டனையும் பி.எஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ப்ளூடூத்தில் வந்து நிற்கிறது. ஆனால் அதன் டி-பேட் மேலே நான்கு தனித் துண்டுகளாகப் பிரிந்து தெரிகிறது. விரலை எடுக்காமல் உருட்டி ஆடப் பழகிய எனக்கு நடுவில் அந்தப் பள்ளம் ஒத்துவரவில்லை. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலர்களில் இடது ஸ்டிக் மேலேயும் டி-பேட் அதற்குக் கீழேயும் உட்கார்ந்திருப்பதால், டி-பேடே எல்லாமாக இருக்கும் ஆட்டங்களில் கட்டைவிரல் வளைந்தே கிடக்க வேண்டும். முப்பரிமாண ஆட்டங்களுக்கு அது வசதி, மெகாமேன் போன்ற பழைய ஆட்டங்களுக்கு அல்ல. ஆக, நின்டெண்டோவின் பழைய கன்சோலான சூப்பர் ஃபேமிகாமின் கன்ட்ரோலர் வடிவத்தைத் தழுவிய, ப்ளூடூத்தும், யு.எஸ்.பி-யில் சொருகும் சிறு ரிசீவரான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் சேர்ந்து வரும் ஒன்றில் வந்து நின்றேன். பெயர் வேண்டாம், ஒரே மாடலிலேயே ஒரு கன்ட்ரோலர் சுத்தமாகவும் அடுத்தது பொய் டயகனலோடும் வருவது இந்த வகையில் சகஜம், எனக்குக் கிடைத்தது இரண்டாவது ரகம்.

வாங்கியதும் ஆட்டத்தில் சோதிப்பதைவிட, லினக்ஸ் முனையத்தில், கன்ட்ரோலர் அனுப்புவதை அப்படியே காட்டும் இவிடெஸ்ட் நிரலை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. டி-பேட் அங்கே இரண்டு அச்சுகளாகத் தெரியும்: கிடைமட்டத்துக்கு ஒன்று, நெடுக்குக்கு ஒன்று; மதிப்புகள் -1, 0, 1. வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளையாட்டில் பதற்றம் ஏறும்போது விரல் எப்படி அலையுமோ அப்படியே மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். கிடைமட்டத்தில் மட்டும் 1 நின்றால் நல்லது. என்னுடையதில் விரல் சற்றே அசைந்ததும் நெடுக்கு அச்சில் -1 பளிச்சென்று வந்து மறைந்தது. அதாவது கன்ட்ரோலர் மேல்திசையையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது.

இதற்கு வைத்தியம்தான் டேப். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, பேட்டரி ஒயரை இழுத்துவிடாமல் மூடியைத் திறந்தால், பச்சைப் பலகையில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு கருப்பு வட்டம். இரண்டு சீப்புகளின் பற்கள் கோத்துக்கொண்டாற்போலக் கடத்திகள் அதில் பின்னிக் கிடக்கும். மெம்பிரேனின் அடியிலுள்ள கரிப் பொட்டு இறங்கி இரு சீப்புகளையும் இணைத்தால் பட்டன் அழுந்தியதாகக் கணக்கு. டி-பேட் சாயும்போது மிகத் தாழ்வாக இறங்குவது அந்தக் குறுக்குத் துண்டின் நுனி என்பதால், பொட்டின் வெளிவிளிம்புதான் பலகையை முதலில் தொடுகிறது. அந்த வெளிவிளிம்புக்கு நேரே சூட்டைத் தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப்பில் மெல்லிய ஒரு துண்டை ஒட்டிவிட்டால், பொட்டு இன்னும் கொஞ்சம் நசுங்கி உள்பக்கம் தொட்டால்தான் பதிவாகும். வேண்டி அழுத்தும் அழுத்தத்துக்கு அது நசுங்கும். தவறிச் சாயும் சாய்வுக்கு நசுங்காது.

சொல்வது சுலபம். பட்டை எவ்வளவு அகலம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அகலமாக ஒட்டினால் நேர்த்திசையே மந்தமாகி, மாரியோ ஓடாமல் தயங்குவார். குறுகலாக ஒட்டினால் எந்த மாற்றமும் தெரியாது. வட்டத்தின் குறுக்களவில் கால்வாசியை மூடியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் மெல்லிய இழை அளவு குறைத்துக்கொண்டே வந்தேன். டேப்பின் ஓரம் மெம்பிரேனின் குவிந்த சுவர் உட்காரும் இடத்துக்குள் நீளவே கூடாது. நீண்டால் ரப்பர் சமமாக உட்காராமல் டி-பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இருந்த நோய்க்குப் புது நோய் சேரும். சாதா செல்லோடேப் கூடவே கூடாது, நம் வெயிலுக்கு அதன் பசை கசிந்து கடத்திகளின் மேல் பரவும். ஒட்டும் முன் பலகையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். இன்னொன்று: எல்லாத் திருகுகளையும் முழுதாக முடுக்கிய பிறகு கிடைக்கும் முடிவுதான் முடிவு. மேல்மூடியின் இறுக்கமே டி-பேடின் ஆட்டத்தை மாற்றுகிறது என்பதால், பாதித் திருகோடு இவிடெஸ்ட் காட்டுகிற சுத்தத்தை நம்ப வேண்டாம்.

இதோடு கதை முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் குறுக்கே வந்தது. அதில் ரியூ என்ற வீரர் ஹடோகென் என்ற ஆற்றல் பந்தை வீச, டி-பேடைக் கீழ், கீழ்-வலம், வலம் என்று கால்வட்டம் உருட்டிக் குத்த வேண்டும். நடுவிலுள்ள டயகனல் பதிவாகாவிட்டால் ரியூ வெறுமனே ஒரு குத்து விட்டுவிட்டு நிற்பார். கான்ட்ராவுக்கு எந்த டயகனலைக் கஷ்டப்பட்டு ஒழித்தேனோ, அதையே ரியூ கேட்கிறார். நான்கு திசைகளுக்கும் ஒரே அகலத்தில் டேப் ஒட்டியிருந்தபோது கான்ட்ரா அருமை, ஹடோகென் அநேகமாக இல்லை. கடைசியில் மேல்திசையில் மட்டும் அகலப் பட்டை, இட வலங்களில் அதைவிடக் குறுகல், கீழ்த்திசையில் எதுவும் வேண்டாம் என்று வைத்ததில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம் கிடைத்தது. கீழே அழுத்திப் படுப்பதைக் கெடுத்தது இட வலப் பொட்டுகள்தாம் என்பதால், கீழ்த்திசைக்கு டேப்பே தேவைப்படவில்லை. ரியூவின் இன்னொரு அடியான ஷோர்யூகென் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதற்குக் காரணம் டேப்பா என் விரலா என்ற வழக்கு நிலுவையில் இருக்கிறது.

வயர்லெஸ் என்றால் தாமதம் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது பிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. போனில் 240 பிரேம் ஸ்லோமோஷனில் விரலையும் திரையையும் ஒன்றாகப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தால், என் வீட்டில் கன்ட்ரோலரை ப்ளூடூத்திலிருந்து டாங்கிளுக்கு மாற்றியதால் கிடைத்த லாபத்தைவிட, டிவியில் கேம் மோடை ஆன் செய்ததால் கிடைத்த லாபம் பன்மடங்கு. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ரெட்ரோபைக்குள் ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோஆர்க்கில், ஆட்டத்தின் உள்தாமதத்தை முன்கூட்டியே ஓட்டிக் கழிக்கும் ரன்-அஹெட் வசதி இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவைத்து, தாவும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, எத்தனையாவது பிரேமில் ஆள் அசைகிறான் என்று பார்த்து, அதில் ஒன்றைக் கழித்து வைத்தால் போதும். எட்டு பிட் ஃபேமிகாம் ஆட்டங்களுக்குப் பை 4 இதைத் தாங்குகிறது. சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒரு பிரேமோடு நிறுத்திக்கொண்டேன்.

டாங்கிளை எந்தத் துளையில் சொருகுகிறோம் என்பதும் முக்கியம். யு.எஸ்.பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. பை 4-இன் நீலத் துளையில் ஆட்டங்கள் நிறைந்த எஸ்.எஸ்.டி-யும், அதை ஒட்டியே டாங்கிளும் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மாரியோ தானாகவே ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுவார். கருப்புத் துளையில் ஒரு முழ நீட்டிப்பு ஒயர் போட்டு டாங்கிளை டிவிக்கு முன்பக்கம் கொண்டுவந்ததும் அது நின்றது. ப்ளூடூத்தே போதும் என்பவர்கள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். பை 4-இல் இரண்டுக்கும் ஒரே சிப்தான்.

இந்த வகைக் கன்ட்ரோலர்களின் மோடுகளைப் பற்றி முணுமுணுக்காமல் இருக்க முடியவில்லை. எக்ஸ்-இன்புட், டி-இன்புட், ஸ்விட்ச் என்று எந்த மோடில் எழுப்புகிறோமோ அந்தப் பெயரில் அது பை 4-க்கு அறிமுகமாகிறது. ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் பட்டன் எதற்கு என்ற தனி மேப்பிங் வேண்டும். ஒயரில் ஆடுவோர் கெர்னலில் ஜேஎஸ்போல் (jspoll) என்ற அமைப்பின் மதிப்பை 1 ஆக்கி, கன்ட்ரோலரை மில்லி விநாடிக்கு ஒருமுறை விசாரிக்க வைப்பதுண்டு. எக்ஸ்-இன்புட்டில் எழுப்பினால் எக்ஸ்பேட் என்ற வேறு டிரைவர் பிடித்துக்கொள்வதால் அந்த அமைப்பு செல்லாது. ஒரு மோடைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதிலேயே நிற்பதுதான் நிம்மதி. நான் எக்ஸ்-இன்புட்டில் நின்றுவிட்டேன்.

கேப்டான் டேப்பைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ‘மஞ்சள் ஹீட் டேப்’ என்று கேட்டால் தருகிறார்கள்; அகல ரோலைத் தவிர்த்து, இருப்பதில் குறுகலானதை வாங்குங்கள், வெட்டுவது சுலபம். மெம்பிரேன் தனியாகக் கேட்டதற்கு பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களுக்கு உண்டு, இந்த மாதிரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து சேகாவின் மெகா டிரைவ் கன்சோல். அதன் ஆட்டங்களை நான்கு முகப் பட்டன்களில் ஆடுவது வேதனை. ஆறு பட்டன் வரிசையில் வரும் 8பிட்டூ எம்30 கன்ட்ரோலரின் மேல் கண் வைத்திருக்கிறேன். அது வந்தால் ஸ்ட்ரீட் ஃபைட்டரை அதற்கு ஒதுக்கிவிட்டு, இந்தக் கன்ட்ரோலரில் கீழ்த்திசைக்கும் டேப் ஒட்டி, முழுக்க முழுக்கக் கான்ட்ராவுக்கே எழுதிவைத்துவிடலாம். இட வலங்களில் இன்னும் ஓர் இழை அகலம் கூட்டிப் பார்க்கும் எண்ணமும் இருப்பதால், திருகுகளை இப்போதைக்கு மேசை மேலேயே ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்திருக்கிறேன்.